பாம்பு, பணியாரம், மொய் நோட்டு: பரிணாமமும் மனசும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பது வருஷம் விலங்கியல் எடுத்தேன். நிஜமான கேள்விகள் ஓய்வுபெற்ற பிறகுதான் வர ஆரம்பித்தன. வகுப்பில் பையன்கள் கேட்டதெல்லாம் "இது பரீட்சைக்கு வருமா சார்" என்பது மட்டும்தான். இப்போது கல்யாணப் பந்தியிலோ திருச்சி பஸ்ஸிலோ நூலகத்திலோ மாட்டிக்கொண்டால் "ஒரு சந்தேகம் சார்" என்று பிடித்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படித்தால் நல்லது.

பரிணாமம்னா கை, கால், மூக்குக்குத்தானே சார்? மனசுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

சிறாவயல் மஞ்சுவிரட்டில் புலிக்குளம் காளையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பரம்பரையாக வருவது திமிலும் கொம்பும் மட்டுமா? அந்தச் சீற்றமும் சேர்ந்துதான் வருகிறது. ஆள் கிட்டே வந்தால் தலையைத் தாழ்த்து என்று யாரும் கன்றுக்குட்டிக்கு வகுப்பு எடுப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்தவர்கள் உடம்போடு குணத்தையும் பார்த்துத்தான் சேர்த்தார்கள். ரஷ்யாவில் 1959இல் திமித்ரி பெல்யாயெவ் என்பவர் நரிகளை வைத்து இதையே செய்தார். ஆளைக் கண்டு மிரளாத, கடிக்காத நரிகளை மட்டும் இனப்பெருக்கம் செய்யவிட்டார். பத்துத் தலைமுறைக்குள் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் குட்டிகள் பிறந்தன.

அங்கே தேர்ந்தெடுத்தது மனிதன். காட்டில் அந்த வேலையைப் பசி, நோய், எதிரி, இணை கிடைப்பது, குட்டி பிழைப்பது ஆகியவை செய்கின்றன. மூளையும் ஓர் உறுப்புதான், அதுவும் சாப்பாட்டுச் செலவு அதிகமான உறுப்பு. உடம்பு எடையில் 2 சதவீதம் இருந்துகொண்டு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 20 சதவீதச் சக்தியைத் தின்கிறது. இவ்வளவு தின்கிற உறுப்பு பிழைப்புக்கு எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் நிலைத்திருக்காது. டார்வினே 1872இல் மனிதன், விலங்கு இரண்டின் உணர்ச்சிகளையும் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதினார்.

குரங்குலேருந்து வந்தோம்னா இன்னும் ஏன் குரங்கு இருக்கு?

உங்கள் சித்தப்பா மகன் உயிரோடு இருக்கும்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இரண்டு பேருக்கும் ஒரே ஐயா (அப்பாவைப் பெற்ற தாத்தா), அவ்வளவுதான். நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான முன்னோர் 60, 70 லட்சம் வருஷத்துக்கு முன்னால் இருந்தார்கள். கோயில் வாசலில் தேங்காய் மூடியைப் பறிக்கிற குரங்கு அதைவிடத் தூரத்துச் சொந்தம், இரண்டரைக் கோடி வருஷத்துக்கும் மேல்.

எவ்வளவு காலம்னு மனசுல நிக்கிற மாதிரி ஒரு கணக்கு சொல்லுங்க சார்.

திருச்சியிலிருந்து காரைக்குடி தொண்ணூறு கிலோமீட்டர் என்று வையுங்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றி ஏறக்குறைய 3,00,000 வருஷம். மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகள் அவ்வளவு பழையவை. அதை இந்தச் சாலையில் பரப்பினால் கிலோமீட்டருக்கு 3,300 வருஷம் சொச்சம் வரும். திருச்சியில் பஸ் ஏறி, புதுக்கோட்டை தாண்டி, திருமயம் கோட்டையும் தாண்டி, காரைக்குடிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்போதுதான் உலகத்தின் முதல் விவசாயி தட்டுப்படுகிறார். கீழடியின் பழைய அடுக்கு கடைசி 800 மீட்டருக்குள் வருகிறது. இந்தியாவுக்குக் கைப்பேசி வந்தது கடைசி ஒன்பது மீட்டர். பஸ்ஸின் நீளம்கூட இல்லை.

சென்னைக்கு அந்தப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தைய கற்கோடரிகள் கிடைத்தன. அவற்றைச் செய்தவர்கள் நம் இனம் தோன்றுவதற்கு முன்னால் வாழ்ந்தவர்கள். இதே கணக்கில் அவர்கள் காலம் காரைக்குடியிலிருந்து 450 கிலோமீட்டர் தள்ளி வரும், அதாவது ஏறக்குறைய அத்திரம்பாக்கத்திலிருந்தே பஸ் கிளம்ப வேண்டும். நான் வேண்டுமென்று பொருத்தவில்லை, தானாக அமைந்தது.

பாம்பைக் கண்டா பயம் பிறவியிலேயே வருதா, பெரியவங்க சொல்லிச் சொல்லி வருதா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்று மழுப்புவது வழக்கம். ஆனால் இதற்கு அருமையான சோதனை ஒன்று இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் சூசன் மினேகா என்ற உளவியலாளர் ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்தார். காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டால் அலறிப் பின்வாங்கின. ஆய்வுக்கூடத்தில் பிறந்து வளர்ந்தவற்றுக்குப் பயமே இல்லை. பாம்புக்கு மேலேயே கையை நீட்டித் தீனியை எடுத்தன. ஆக, பயம் பிறவியில் வரவில்லை. அப்புறம், காட்டுக் குரங்கு பாம்பைப் பார்த்து அலறுவதை ஆய்வுக்கூடக் குரங்குக்குக் காட்டினார்கள். சில நிமிஷம் பார்த்ததுமே அதற்கும் பயம் தொற்றிக்கொண்டது, மாதங்கள் ஆகியும் போகவில்லை.

விஷயம் இதற்கு அடுத்ததில்தான் இருக்கிறது. அதே அலறலை வீடியோவில் வெட்டி ஒட்டி, பாம்பு இருந்த இடத்தில் பூவை வைத்துக் காட்டினார்கள். அலறல் அதேதான், ஆனால் பார்த்த குரங்கு பூவுக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஒரே தீக்குச்சிதான், காய்ந்த விறகு பற்றிக்கொள்கிறது, ஈர விறகு பற்றுவதில்லை. பிறவியில் வருவது அந்தக் காய்ந்த விறகு. யாராவது குச்சி உரசினால்தான் தீ.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஒரு பெரிய ஆய்வு கணித்தது. ஆகவே அந்தப் பயம் இன்றைக்கும் வீண் இல்லை. ஆனால் 2022இல் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1.68 லட்சம். ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேர் ஏறின பைக்கைப் பார்த்து யாருக்காவது முதுகுத்தண்டு சில்லிட்டதுண்டா? மோட்டார் வண்டி நம் பஸ் கணக்கில் கடைசி நாற்பத்தைந்து மீட்டருக்குள் வந்த சாமான்.

ராத்திரி வளவுல (வீட்டு முற்றத்துல) ஏதாவது சத்தம் கேட்டா உடனே ஆள் நடமாட்டம்னுதானே தோணுது? காத்துன்னு ஏன் முதல்ல தோணமாட்டேங்குது?

போன மழைக்காலத்தில் கிணற்றடியில் சுருண்டு கிடந்த தண்ணீர்க் குழாயை மிதித்துவிட்டு நான் துள்ளிய துள்ளலில் வேட்டி கிழிந்தது. குழாய் என்று மூளைக்கு எட்டும் முன் கால் தாண்டிவிட்டது. கயிறைப் பாம்பென்று நினைப்பதைத் தத்துவக்காரர்கள் மயக்கத்துக்கு உதாரணம் சொல்வார்கள். பரிணாமக் கணக்கில் அது மயக்கமே இல்லை, சிக்கனம். கயிறைப் பாம்பென்று நினைத்தால் நஷ்டம் ஒரு துள்ளல். பாம்பைக் கயிறென்று நினைத்தால் நஷ்டம் உயிர். இந்த இரண்டில் எந்தப் பக்கம் தவறினால் மலிவோ அந்தப் பக்கமே தவறும்படி மூளை அமைந்திருக்கிறது. ராண்டால்ஃப் நெஸ்ஸி என்ற மருத்துவர் இதைத் தீயணைப்பு அலாரத்தோடு ஒப்பிட்டார். தோசை கருகினாலும் அலறுகிற அலாரம்தான் வீடு எரியும்போது தப்பாமல் அலறும்.

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் அதிகம். புறா சிறகடித்தாலும் பட்டாலை என்கிற கூடத்தில் எதிரொலிக்கும். அதற்குப் பேய்க்கதை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார்கள்.

டாக்டர் இனிப்பு ஆகாதுன்னுட்டார். ஆனா கந்தரப்பத்தைக் கண்டா கை நிக்கமாட்டேங்குதே, ஏன்?

பழங்காலத்தில் இனிப்பு என்றால் பழுத்த பழம், தேன். இரண்டும் எப்போதாவது கிடைப்பவை, கிடைத்த அன்றே தின்றால்தான் உண்டு. போதும் என்று கையை எடுக்கச் சொல்லும் கட்டுப்பாடு அப்போது தேவைப்படவே இல்லை. இப்போது வெல்லமும் எண்ணெயும் கடையில் கிடைக்கின்றன, நாக்கு மட்டும் பழைய நாக்கு. 2023இல் வந்த தேசிய ஆய்வு நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றது.

இதை வைத்து, பஞ்சத்தைத் தாங்கவே தனி மரபணு இருக்கிறது என்று 1962இல் ஜேம்ஸ் நீல் ஒரு கருதுகோள் சொன்னார். கேட்க நன்றாக இருக்கும், இன்றுவரை சரியாக நிரூபணம் ஆகவில்லை. கதை பொருந்துவது வேறு, சோதனையில் நிற்பது வேறு. பாம்பு விஷயம் நின்றது. இது இன்னும் தடுமாறுகிறது. அடுத்தது விழுந்தேவிட்டது.

நம்ம ஊர் காரம் கிருமியைக் கொல்லத்தானே வந்துச்சு? வெயில் ஊர்ல கறி சீக்கிரம் கெட்டுப்போகும்ல?

நானே வகுப்பில் பல வருஷம் இப்படித்தான் சொன்னேன். 1998இல் ஷெர்மன், பில்லிங் என்ற இருவர் 36 நாட்டுச் சமையல் குறிப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். வெயில் கூடக் கூட மசாலாவும் கூடுகிறது, மசாலாவுக்குக் கிருமியைத் தடுக்கும் சக்தி உண்டு, ஆகவே இது பரிணாமத் தற்காப்பு என்றார்கள். 2021இல் லிண்டல் புரோமமும் கூட்டாளிகளும் 70 சமையல் மரபுகளிலிருந்து 33,000க்கு மேற்பட்ட குறிப்புகளை எடுத்து மறுபடி பார்த்தார்கள். வெயில் ஊரில் காரம் அதிகம் என்பது உண்மையாகவே இருந்தது. ஆனால் அது கிருமியைத் தடுக்கத்தான் வந்தது என்ற விளக்கத்தோடு பொருந்தவில்லை. பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று சமைப்பதையும் வறுமை போன்றவற்றையும் கணக்கில் எடுத்தபோது கிருமிக் கதைக்கு ஆதாரம் மிஞ்சவில்லை.

தவிர, மிளகாயே அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் கொண்டுவந்து 500 வருஷம்தான், பஸ் கணக்கில் 150 மீட்டர். அதற்கு முன் இங்கே காரத்துக்கு மிளகுதான். மிளகாய் எரிவதற்குக் காரணம் நம்மை விரட்டுவது. பாலூட்டிகள் விதையைக் கடித்து நொறுக்கிவிடும், பறவைகள் முழுங்கித் தூரத்தில் போடும். பறவைகளுக்கு அந்த எரிச்சலே தெரியாது. ஆக, நம்மைத் துரத்தச் செடி கண்டுபிடித்த ஆயுதத்தை அம்மியில் அரைத்துக் கோழியில் தடவி, கண்ணில் தண்ணீர் வர வர இன்னும் ஒரு துண்டு கேட்கிறோம். ஆபத்தில்லாத வலியை ரசிக்கிற ஒரே விலங்கு நாம்தான் போலிருக்கிறது என்று பால் ராசின் என்ற உளவியலாளர் வியந்தார். ராட்டினத்தில் ஏறி அலறுவதும் இந்த ரகம்தான்.

சொந்தக்காரங்களுக்கு உதவுறதெல்லாம் ஜீன் சொல்லித்தான்னா, அண்ணன் தம்பி ஏன் அடிச்சுக்கிறாங்க?

1964இல் வில்லியம் ஹாமில்டன் ஒரு கணக்குப் போட்டார். உடன்பிறந்தவரிடம் என் மரபணுவில் பாதி இருக்கும், சித்தப்பா, மாமன் பிள்ளைகளிடம் எட்டில் ஒரு பங்கு. உதவியால் அவருக்குக் கிடைக்கும் லாபத்தை இந்தப் பங்கால் பெருக்கினால், அது எனக்கு ஆகும் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த உதவும் குணம் பரவும். கலிபோர்னியாவில் ஒருவகைத் தரை அணில் எதிரியைக் கண்டால் கத்தி எச்சரிக்கும், கத்துகிற அணிலுக்குத்தான் ஆபத்து. பக்கத்தில் தாயோ மகளோ சகோதரியோ இருக்கும் பெண் அணில்கள்தான் அதிகம் கத்தின.

கேள்விக்கான பதிலும் அதே கணக்கில் இருக்கிறது. தம்பியிடம் என் மரபணு பாதி இருக்கிறது என்றால், மீதிப் பாதி இல்லை என்றும் அர்த்தம். எனக்கு நான் முழுசு, தம்பி அரை. தாய்க்கு இரண்டு பேரும் சமம். ஆகவே தாய் பிரிக்கும் அளவும் பிள்ளை கேட்கும் அளவும் என்றைக்கும் ஒத்துப்போகாது. 1974இல் ராபர்ட் டிரிவர்ஸ் இதை விரித்து எழுதினார். நம் மொழியில் பங்காளி என்ற சொல்லே பங்குக்காரன்தான். செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை "வேறு வைப்பது" எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஒரே முகப்பு, ஒரே வளவு, ஒரே சாமி வீடு, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஜோடிக்கும்) அடுப்பு தனி, அரிசி தனி, கணக்கு தனி. ஹாமில்டனைப் படிக்காமலே கட்டியிருக்கிறார்கள்.

அப்ப சுவீகாரம்? பெறாத பிள்ளைக்குச் சொத்தையே எழுதி வைக்கிறாங்களே?

நல்ல அடி. 1976இல் மார்ஷல் சாலின்ஸ் என்ற மானிடவியலாளர் பசிபிக் தீவுகளில் தத்து எடுப்பது சாதாரணம் என்று காட்டி, ஹாமில்டன் கணக்கு மனிதனுக்குப் பொருந்தாது என்றார். 1980இல் ஜோன் சில்க் அதே தீவுகளின் தரவைக் கூட்டிப் பார்த்தபோது, தத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நெருங்கிய உறவின் பிள்ளைகளாக இருந்தார்கள். இங்கேயும் பிள்ளை கூட்டுவது வழக்கமாகப் பங்காளி வகையில்தான்.

ஆனால் இதோடு முடித்துவிட்டால் அது மழுப்பல். முன்பின் தெரியாத பிள்ளையைக் கொண்டுவந்து உயிராக வளர்க்கிறவர்களும் உண்டு, எனக்கே இரண்டு குடும்பம் தெரியும். மூளை மரபணுவை எண்ணிப் பார்ப்பதில்லை. மடியில் கிடக்கிற, கூப்பிட்டால் சிரிக்கிற பிள்ளை மேல் பாசம் வை என்பதுதான் அதற்குத் தெரிந்த விதி. பழைய காலத்தில் மடியில் கிடந்தது பெரும்பாலும் சொந்தப் பிள்ளையாக இருந்தது. பாசம் வந்தபின் அது நிஜப் பாசம்தான்.

மொய் நோட்டைப் பத்திரமா வைக்கிறோமே, அதுக்கும் பரிணாமத்துக்கும் முடிச்சுப் போடுவீங்களோ?

போடாமல் விடுவேனா. ரத்தம் குடிக்கும் வவ்வால்கள் இரண்டு மூன்று இரவு வெறும் வயிற்றோடு இருந்தால் செத்துப்போகும். பசியோடு திரும்பிய வவ்வாலுக்குப் பக்கத்து வவ்வால் தான் குடித்ததைக் கக்கிக் கொடுக்கும். யாருக்குக் கொடுக்கிறது என்று ஜெரால்டு வில்கின்சன் கோஸ்டாரிகாவில் வருஷக்கணக்கில் பார்த்தார். உறவுக்குக் கொடுத்தது, முன்பு தனக்குக் கொடுத்ததற்கும் கொடுத்தது. பின்னால் நடந்த சோதனைகளில் உறவைவிட, முன்பு வாங்கியதே பலமான காரணமாகத் தெரிந்தது. உறவே இல்லாதவர்களுக்குள்ளும் இப்படி உதவி பரவ முடியும் என்று 1971இல் சொன்னவரும் மேலே வந்த டிரிவர்ஸ்தான். ஒரே நிபந்தனை: வாங்கிக்கொண்டு திருப்பாதவனைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். நோட்டு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரு சின்ன விளையாட்டு. நான்கு சீட்டுகள்: அ, க, 4, 7. ஒருபக்கம் எழுத்து, மறுபக்கம் எண். "உயிரெழுத்து இருந்தால் பின்னால் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும்" என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்தெந்தச் சீட்டைத் திருப்ப வேண்டும்? 'அ'வும் 4உம் என்பார்கள் பலர். சரியான விடை 'அ'வும் 7உம். பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட இந்தப் புதிரில் பத்தில் ஒருவர் தேறினால் அதிகம். இப்போது சீட்டை மாற்றுங்கள்: சாப்பிட்டார், சாப்பிடவில்லை, மொய் எழுதினார், எழுதவில்லை. "சாப்பிட்டவர் மொய் எழுதியிருக்க வேண்டும்" என்பது விதி. பந்தியில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். கணக்கே வராது என்று சொன்ன ஆச்சி ஒருவர் யோசிக்காமல் "சாப்பிட்டவன் என்ன எழுதுனான்னு பாரு, எழுதாதவன் சாப்பிட்டானான்னு பாரு" என்றார். தர்க்கம் அதே தர்க்கம்தான். ஏமாற்றுக்காரனைப் பிடிக்க மூளையில் தனித் திறமை இருக்கிறது என்று லீடா காஸ்மிடஸ் 1989இல் வாதிட்டார். தனித் திறமை தேவையில்லை, எது இங்கே முக்கியம் என்று கேள்வியே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று டான் ஸ்பெர்பர் போன்றோர் மறுத்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. எனக்கு இரண்டாவது தரப்பில் கொஞ்சம் சாய்வு.

தம்பி, பிள்ளை பெத்து முடிச்ச பிறகும் கிழவிக இத்தனை வருஷம் இருக்கோமே, இயற்கைக்கு எங்களால என்ன பிரயோசனம்?

கேட்டவர் எண்பது தாண்டிய ஆச்சி, பணியாரக் கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். பெரும்பாலான விலங்குகள் சாகும்வரை ஈனும். மனிதப் பெண்ணுக்கு ஐம்பதுக்குள் நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகும் முப்பது நாற்பது வருஷம் வாழ்கிறார். தான்சானியாவில் வேட்டையும் கிழங்கும் நம்பி வாழும் ஹட்சா மக்களிடம் கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர் தங்கிப் பார்த்தார்கள். தாய் கைக்குழந்தையோடு இருக்கும்போது, மூத்த பிள்ளையின் எடை ஏறியது பாட்டி தோண்டிய கிழங்கால். பின்லாந்து, கனடாவின் பழைய பதிவேடுகளை 2004இல் பார்த்தவர்கள், ஐம்பதுக்குப் பிறகு பாட்டி வாழ்ந்த ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் கூடுதலாக இரண்டு பேரப்பிள்ளைகள் என்று கண்டார்கள். ஓர்க்கா திமிங்கிலப் பாட்டிகளும் இப்படித்தான் கூட்டத்தை நடத்துகின்றன. 2023இல் உகாண்டாவின் ஒரு சிம்பன்சிக் கூட்டத்திலும் மாதவிடாய் நின்ற பின் வாழும் பெண்கள் இருப்பது தெரிந்தது. ஆகவே கதை இன்னும் முடியவில்லை.

இதில் ஒரு குசும்பு உண்டு. பல சமூகங்களை ஒப்பிட்ட ஆய்வுகளில், பேரப்பிள்ளை பிழைப்பதற்கு அப்பாவைப் பெற்ற அப்பத்தாவைவிட அம்மாவைப் பெற்ற ஆயாவின் உதவி தெளிவாகத் தெரிந்தது. மகள் பெற்ற பிள்ளை தன் பேரன் என்பதில் ஆயாவுக்குச் சந்தேகமே வராது என்று ஒரு விளக்கம். பெண்கள் பிரசவத்துக்கும் கஷ்டத்துக்கும் தாயைத்தான் தேடுகிறார்கள் என்பது எளிய விளக்கம். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, "நான் ரெண்டுந்தான்" என்று அடுத்த பணியாரத்தைத் திருப்பினார்.

கூடவே வளர்ந்தவங்க மேல ஆசை வராதுன்னு சொல்றாங்களே, அப்ப முறைப்பெண் கல்யாணம் எப்படி நடந்துச்சு?

வெஸ்டர்மார்க் என்ற பின்லாந்துக்காரர் 1891இல் சொன்னது அது: சின்ன வயதில் ஒன்றாக வளர்ந்தவர்களுக்குள் ஈர்ப்பு மங்கிவிடும். இஸ்ரேலின் கிபுட்ஸ் குடியிருப்புகளில் பிள்ளைகளை ஒரே கூட்டமாக வளர்த்தார்கள், கல்யாணத்துக்குத் தடையும் இல்லை. 2,769 திருமணங்களைப் பார்த்தபோது ஒரே கூட்டத்தில் வளர்ந்தவர்கள் கட்டிக்கொண்டது விரல்விட்டு எண்ணும் அளவே. தைவானில் மருமகளாகப் போகிற பெண்ணைக் கைக்குழந்தையாகவே வாங்கி வளர்க்கும் வழக்கம் இருந்தது. அந்தத் திருமணங்களில் பிரிவு அதிகம், பிள்ளைகள் குறைவு என்று ஆர்தர் உல்ஃப் கண்டார்.

மாமன் மகள் வேறு வீடு, பெரும்பாலும் வேறு ஊர். வளவுக்குள் கூட வளர்கிறவர்கள் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள், அவர்கள் அண்ணன் தங்கை முறை. ஆகா, பொருந்திவிட்டது என்று துள்ள வேண்டாம். பெரியம்மா, சின்னம்மா மக்கள் வேறு ஊரில் வளர்ந்தாலும் நமக்கு அண்ணன் தங்கைதான். ஒரே கோயில் பங்காளிகள் முகமே பார்க்காவிட்டாலும் பெண் எடுப்பதில்லை. ஆக, முறை என்பது மனிதர்கள் போட்ட கணக்கு. உயிரியல் அதற்கு ஓர் ஓரத்தில் துணை நிற்கலாம், அவ்வளவுதான். இன்னொன்றையும் கேட்பார்கள்: நெருங்கிய உறவில் கட்டினால் பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். எல்லாருக்கும் வராது, ஆனால் கூடுதல் என்பது உண்மை.

செட்டியார் வீடெல்லாம் ஆம்பிளை மயில் தோகை மாதிரின்னு ஒருத்தர் சொன்னார். சரியா?

1975இல் அமோட்ஸ் சஹாவி சொன்ன யோசனையிலிருந்து வருவது இது. தோகை பெரும் சுமை. இதைத் தூக்கிக்கொண்டும் பிழைத்திருக்கிறேன் பார் என்று ஆண் மயில் காட்டுகிறது, வலுவில்லாதது இந்தப் பொய்யைச் சொல்ல முடியாது. பர்மாத் தேக்குத் தூணும், முட்டை வெள்ளைக்கரு கலந்து பளபளக்கத் தேய்த்த சுவரும், ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை போகும் நீளமும் பார்த்தால் அப்படித் தோன்றும்தான். நம்பிக்கையே முதலாக வட்டித் தொழில் செய்தவர்களுக்கு "என்னிடம் இருக்கிறது" என்று ஊர் பார்க்கக் காட்டுவதில் பலன் இருந்திருக்கும்.

ஆனால் மயிலுக்கே சாட்சி இரண்டுபட்டது. 1991இல் மரியான் பெட்ரி தோகையில் கண்கள் அதிகமுள்ள ஆணுக்கு இணை அதிகம் கிடைத்ததாகக் கண்டார். 2008இல் ஜப்பானில் ஏழு வருஷம் பார்த்தவர்கள் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். விராலிமலையில் நானும் பல தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெண் மயில் பெரும்பாலும் தரையைக் கொத்திக்கொண்டுதான் இருந்தது. வீட்டைப் பொறுத்தவரை ஒப்புமை அழகு, ஆதாரம் கிடையாது. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று நூற்றுக்கணக்கான பேர் கூட வேண்டிய வீடு பெரிதாகத்தானே இருக்கும்?

ஆம்பிளை புத்தி அலையத்தான் செய்யும்னு சயின்ஸே சொல்லுதாமே?

இதைக் கேட்கிறவர் எப்போதும் ஆண்தான், கேட்கும்போது ஒரு சிரிப்பும் இருக்கும். டேவிட் பஸ் 1989இல் 37 பண்பாடுகளில் சுமார் 10,000 பேரைக் கேட்டார். ஆண்கள் இளமையையும் அழகையும், பெண்கள் சம்பாதிக்கும் திறனையும் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாக விரும்பினார்கள். அதே தரவை 1999இல் ஈக்லியும் வுட்டும் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஆண் பெண் சமத்துவம் அதிகமுள்ள நாடுகளில் சில வித்தியாசங்கள் சுருங்கின. கையில் தன் காசு இருக்கிற பெண் மாப்பிள்ளையின் சம்பளத்தை அவ்வளவு பார்க்க வேண்டியதில்லை. மேலும், இரண்டு பாலருக்கும் முதல் வரிசையில் இருந்தவை அன்பும் புத்திசாலித்தனமும்தான். அந்தப் பகுதியை யாரும் என்னிடம் மேற்கோள் காட்டியதில்லை.

சராசரியில் ஒரு சாய்வு இருந்தாலும் அது அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. கந்தரப்பத்தின் மேல் ஆசை இயற்கைதான், அதற்காக டாக்டர் விட்டுவிடுகிறாரா?

வியாபாரம் எங்க ரத்தத்துலயே இருக்கு சார். அதுவும் பரிணாமம்தானே?

இல்லை. மனிதகுல மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒவ்வொரு கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று 1972இல் ரிச்சர்ட் லெவான்டின் காட்டினார். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இருப்பது சொற்பம். குணத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் ஒரே மூட்டை விதைநெல்லில் பாதியைக் கண்மாய்ப் பாசன வயலிலும் பாதியை வானம் பார்த்த வயலிலும் விதையுங்கள். ஒவ்வொரு வயலுக்குள்ளும் பயிருக்குப் பயிர் வித்தியாசத்துக்கு விதை காரணமாக இருக்கலாம். இரண்டு வயலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் தண்ணீர்.

நகரத்தார் விஷயத்தில் அந்தத் தண்ணீர் என்ன என்றும் தெரியும். சின்ன வயதிலேயே வாய்ப்பாடும் வட்டிக் கணக்கும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, மூன்று வருஷக் கணக்குக்கு ரங்கூனுக்கோ பினாங்குக்கோ போவது. தப்புச் செய்தால் பெண் கொடுக்கிற ஊர்வரை சேதி போய்விடும் என்ற பயம். பார்த்துக் கற்பது, கற்றதைத் திருத்துவது, அடுத்தவனுக்குக் கொடுப்பது என்று பண்பாட்டுக்கும் தனியாக ஒரு பரிணாமம் உண்டு என்று பாய்டும் ரிச்சர்சனும் 1985இல் விரிவாக எழுதினார்கள். மரபணுவைவிட அது பலமடங்கு வேகம். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது ரத்தம் மாறவில்லை, தொழில்தான் போனது. பேரன்கள் டாக்டரும் இன்ஜினியரும் ஆனார்கள்.

இதையெல்லாம் ஒத்துக்கிட்டா பிள்ளையார்பட்டிக்குப் போகக் கூடாதா?

தாராளமாகப் போகலாம். பரிணாமத்தையும் மரபியலையும் சேர்த்துக் கட்டியவர்களில் ஒருவரான ரொனால்டு ஃபிஷர் தேவாலயம் போகிற கிறிஸ்தவர். நான் சதுர்த்திக்குத் தவறாமல் போகிறேன், முக்குறுணிக் கொழுக்கட்டைக்காக என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இன்னமும் பரிணாமம் நடக்குதா, இல்ல நின்னுடுச்சா?

நடக்கிறது. பஸ் கணக்கில் கடைசி மூன்று கிலோமீட்டரில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். பாலூட்டிகளுக்குத் தாய்ப்பால் மறந்ததும் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். மாடு வளர்த்த சில கூட்டங்களில் அது குறையாமல் இருக்கும்படி மரபணு மாற்றம் வந்து வேகமாகப் பரவியது. ஐரோப்பாவில் ஒருவிதம், கிழக்கு ஆப்பிரிக்காவில் தனியாக வேறுவிதம். இந்தியாவில் இருப்பது பெரும்பாலும் ஐரோப்பாவில் இருக்கிற அதே மாற்றம்தான். வடமேற்கில் அதிகம், தெற்கும் கிழக்கும் வர வரக் குறைவு.

ஆகவே பெரியவர்களுக்குப் பால் சேராமல் போவது நம் பக்கம் நோயே இல்லை, அதுதான் பழைய நிலை. அப்படியும் இங்கே வீட்டுக்கு வீடு மாடு இருந்தது எப்படி? நேற்றைய மோரில் ஒரு கரண்டி எடுத்து, வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றினால், நாம் செரிக்க முடியாததில் ஒரு பங்கைப் பாக்டீரியா ராத்திரியோடு ராத்திரியாகத் தின்று தீர்த்துவிடுகிறது. மரபணு மாற்றத்துக்குக் காத்திருக்கவில்லை. எனக்குக் காலையில் பால் குடித்தால் பத்து மணிவரை வயிறு கடமுடா என்கும். மோர் எத்தனை செம்பு என்றாலும் போகும்.